ஐந்து பைசாவும் ஐந்நூறு பிராங்கும்

ஆடிச் சாரல் தொடங்கிவிட்டால் சுந்தரபாண்டியபுரம் சாலையில் கார்கள் வரிசை கட்டும். குற்றாலத்தில் குளியல், பிரானூர் பார்டரில் புரோட்டா, அப்புறம் சூரியகாந்தி வயலில் நின்று நாலு படம். சீசனுக்கு வருகிறவர்களின் பயணத் திட்டத்தில் இது இப்போது எழுதப்படாத விதி. கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பூவுக்கு நடுவில் குழந்தையை நிறுத்தி, அப்பா போனைப் பிடிக்க, அம்மா குழந்தையின் தலையைக் கோதிவிடுகிறார்.

இந்த ஊர் சினிமாவுக்குப் புதிதல்ல. மணிரத்னத்தின் 'ரோஜா' (1992) படத்தில் நாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம்தான். பச்சை வயல், குளம், கோயில், தூரத்தில் மலை. 'கள்ளம் கபடம் இல்லாத கிராமம்' என்று தமிழ் சினிமா காட்ட நினைக்கும்போதெல்லாம் கண்ணுக்கு வருவது இப்படி ஓர் ஊர்தான்.

ஊரை ஒட்டியிருக்கும் பாறைகளுக்கும் ஒரு சினிமாக் கதை உண்டு. ஷங்கரின் 'அந்நியன்' (2005) படத்தின் ஒரு பாடலுக்காக அந்தப் பாறைகளில் வண்ணம் தீட்டினார்கள். அன்றிலிருந்து அவற்றுக்குப் பெயரே 'அந்நியன் பாறை' ஆகிவிட்டது. பாடல் ஆடிப்பாடும் பாடல். ஆனால் படம் கேட்ட கேள்வி அப்படி லேசானதல்ல. ஐந்து பைசா திருடினால் தப்பா? ஐந்து கோடிப் பேர் ஆளுக்கு ஐந்து பைசா திருடினால்? படம் வந்த நாளில் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட கணக்கு இது. தரமில்லாத பிரேக் ஒயர் தயாரித்தவர், ரயிலில் கெட்ட சாப்பாடு போட்டவர், விபத்தில் அடிபட்டவரைக் காரில் ஏற்ற மறுத்தவர் என்று 'சின்னத் தப்பு' செய்தவர்களைத் தேடித் தேடித் தண்டித்தான் அந்நியன். கருட புராணத்தின்படி விதவிதமாக.

தியேட்டரில் கைதட்டல் விழுந்தது. ஆனால் கைதட்டலில் ஒரு கேள்வி காணாமல் போயிற்று. திருடியவனுக்குத் தண்டனை கொடுத்தாயிற்று, சரி. அந்த ஐந்து பைசா போய்ச் சேர்ந்த இடம் எது? அந்தச் சின்னத் தப்பு கை மாறி, கை மாறி, கடைசியில் யார் தலையில் இறங்கியது?

'அந்நியன்' வருவதற்கு 22 வருடங்களுக்கு முன்பே பிரான்ஸில் ஒருவர் இந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு படம் எடுத்திருந்தார். இயக்குநர் ரொபேர் பிரெஸ்ஸோன். படம் 'லார்ஜான்' (1983). பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் 'பணம்'. நல்லவனாக இருந்த ஓர் இளைஞன் கொலைகாரன் ஆகும் கதை. ஓடும் நேரம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை, கண்ணீர் விட்டு நடிக்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பார்த்தவர்களைப் பல நாள் தூங்கவிடாத படம்.

ஒரு நோட்டு கிளம்புகிறது

நோர்பெர் வசதியான வீட்டுப் பையன். பள்ளியில் படிக்கிறான். மாதக் கைச்செலவுக்கு அப்பா பணம் கொடுக்கிறார். அதற்கு மேல் கேட்கிறான். நண்பனிடம் வாங்கிய கடன் இருக்கிறது. அப்பா மறுத்துவிடுகிறார். அம்மாவிடமும் நடக்கவில்லை. இன்னொரு நண்பன் ஒரு வழி சொல்கிறான். அவனிடம் 500 பிராங்க் கள்ள நோட்டு ஒன்று இருக்கிறது. மாற்றிவிட்டால் போதும்.

இரண்டு பேரும் ஒரு போட்டோக் கடைக்குப் போகிறார்கள். விலை குறைந்த ஒரு படச் சட்டத்தை வாங்கிக்கொண்டு நோட்டை நீட்டுகிறார்கள். கடைக்காரம்மாவுக்குக் கொஞ்சம் சந்தேகம். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பையன்களின் உடுப்பும் பேச்சும் நல்ல வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்கின்றன. மீதிச் சில்லறையைக் கொடுத்துவிடுகிறார்.

மாலையில் கடை முதலாளி வருகிறார். நோட்டைப் பார்த்ததும் கோபம். ஆனால் அவரிடமே ஏற்கெனவே இப்படி ஏமாந்து வாங்கிய இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஆக மொத்தம் மூன்று. போலீஸுக்குப் போகலாம், கிழித்தும் போடலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. நஷ்டத்தை ஏன் தாங்க வேண்டும்? வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் ஆயிற்று.

அந்த 'வேறு யாராவது', வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை லாரியில் கொண்டுவந்து கடைகளுக்கு ஊற்றும் இளைஞன் ஈவோன். மனைவி, ஒரு சின்னப் பெண் குழந்தை என்று அவனுக்கு அளவான வாழ்க்கை. எண்ணெய் ஊற்றிய கணக்குக்கு மூன்று நோட்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறான். சரிபார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. பிறகு சாப்பிட ஒரு கடைக்குப் போகிறான். அங்கே நோட்டு பிடிபடுகிறது. வாக்குவாதம் முற்றி, பரிமாறுபவரைப் பிடித்துத் தள்ளிவிடுகிறான். போலீஸ் வருகிறது.

இதுவரை படத்தில் ஓடியது கொஞ்ச நேரம்தான். ஆனால் கதையின் கணக்கு முழுவதும் இங்கேயே போடப்பட்டுவிட்டது. நோர்பெர் நோட்டைக் கடைக்குத் தள்ளினான். கடைக்காரர் அதைத் தொழிலாளிக்குத் தள்ளினார். தொழிலாளிக்குத் தள்ளிவிட ஆளில்லை. நோட்டு அவன் கையில் நின்றுவிட்டது.

கெட்டவர் யாருமே இல்லை

'லார்ஜான்' பார்க்கும்போது வயிற்றைப் பிசையும் விஷயம் இதுதான்: ஈவோனை அழிக்க வேண்டும் என்று இந்தக் கதையில் யாருமே நினைக்கவில்லை. நோர்பெருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. கடைக்காரருக்கு அவன்மேல் பகை இல்லை. ஒவ்வொருவரும் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

போலீஸோடு ஈவோன் அந்தக் கடைக்குத் திரும்பி வருகிறான். "இவரை நாங்கள் பார்த்ததே இல்லை" என்று சாதிக்கிறார்கள். கடையில் வேலை பார்க்கும் லூசியேன் என்ற இளைஞனுக்கு முதலாளி கொஞ்சம் கவனிப்புச் செய்கிறார். அவன் நீதிமன்றத்தில் பொய்சாட்சி சொல்கிறான். ஈவோனுக்குச் சிறை இல்லை. ஆனால் நாணயமான வியாபாரிகள்மேல் அபாண்டம் சுமத்தியவன் என்ற கண்டிப்போடு வெளியே வருகிறான். வேலை போய்விடுகிறது.

லூசியேன் என்ன ஆனான்? முதலாளியிடம் பாடம் படித்தவன் அல்லவா? கடைச் சாமானின் விலையைக் கூட்டிச் சொல்லி மிச்சத்தைத் தன் பையில் போடுகிறான். பிடிபட்டதும் முதலாளி துரத்திவிடுகிறார். கோர்ட்டில் பொய் சொன்னபோது நல்ல பையனாக இருந்தவன், தன் கல்லாவில் கை வைத்ததும் திருடனாகிவிட்டான். பிறகு அவன் அந்த முதலாளியின் கடையையே கொள்ளையடிக்கிறான். அந்தப் பணத்தில் தருமமும் செய்கிறான்.

இன்னொரு காட்சி. பள்ளியில் கள்ள நோட்டு பற்றிய பேச்சு எழுகிறது. நோர்பெர் வகுப்பை விட்டு வெளியே ஓடிவிடுகிறான். விஷயம் வீட்டுக்குத் தெரிகிறது. அவன் அம்மா என்ன செய்கிறார்? நேராகப் போட்டோக் கடைக்குப் போகிறார். கடைக்காரம்மாவிடம் ஓர் உறையை நீட்டுகிறார். உள்ளே பணம். விஷயம் அதோடு முடிந்தது.

ஒரு தாயாக அவர் செய்ததைப் புரிந்துகொள்வது கடினமல்ல. பிள்ளையின் படிப்பு, எதிர்காலம், குடும்பத்தின் பெயர். எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் முதலில் ஓடும் நினைப்பு இதுதான். ஆனால் அந்த உறை கை மாறிய நிமிடத்தில், எங்கோ ஓர் எண்ணெய் லாரிக்காரனுக்குத் திறந்திருந்த கடைசிக் கதவும் மூடிக்கொள்கிறது. உண்மை தெரிந்த ஒரே வீடு அது. "என் பையன்தான் கொடுத்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஈவோனுக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்கும்.

கீழே, இன்னும் கீழே

வேலை போனவனுக்குப் பழைய முதலாளியிடம் போய்க் கெஞ்ச மனமில்லை. அறிமுகமான ஒருவன் ஒரு வேலை சொல்கிறான். காரை ஓட்டினால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஈவோன் சம்மதிக்கிறான். அது வங்கிக் கொள்ளை. போலீஸ் துரத்த, மாட்டிக்கொள்கிறான். மூன்று வருடச் சிறை.

செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவன் செய்த முதல் குற்றம் இது. அதற்கு அவன்தான் பொறுப்பு. அவனை அப்பாவி என்று படம் வாதாடவில்லை.

சிறைக்குள் கைதிகளுக்கு வரும் கடிதங்களை அதிகாரிகள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஈவோனின் கடிதத்தையும் முதலில் அவர்கள் படிக்கிறார்கள். தொண்டை அடைப்பான் நோயில் அவன் மகள் இறந்துவிட்டாள். மகள் இறந்த செய்தி தகப்பனுக்குத் தெரியும் முன்பே மேஜையில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் மனைவியின் கடிதம். இனி வரமாட்டேன், வேறு வாழ்க்கையைத் தேடிக்கொள்கிறேன் என்கிறாள். அவளையும் குறை சொல்ல முடியாது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன் கேலி பேச, ஈவோன் கையில் கிடைத்த பெரிய கரண்டியை ஓங்குகிறான். ஆனால் அடிக்கவில்லை. ஓங்கியதற்கே தனிச்சிறை. தூக்க மாத்திரைகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக விழுங்குகிறான், காப்பாற்றிவிடுகிறார்கள். அதே சிறைக்கு லூசியேனும் வந்து சேர்கிறான். தப்பிக்கலாம், கூட வா என்கிறான். ஈவோன் மறுத்துவிடுகிறான். தண்டனை முடிந்து வெளியே வரும் ஈவோன், எண்ணெய் லாரி ஓட்டிய ஈவோன் அல்ல. சிறை அவனைத் திருத்தவில்லை. அவனிடம் இழக்க ஏதாவது மிச்சம் இருந்ததா என்று தேடித் தேடி எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடப்பது கொலை. முதல் கொலையைப் படம் காட்டுவதே இல்லை. ஒரு சிறிய விடுதி. கை கழுவும் தொட்டி. தண்ணீர் சிவக்கிறது. அவ்வளவுதான்.

கைகளைப் பார்க்கும் கேமரா

இளைஞன் குற்றத்துக்குள் இழுக்கப்படும் கதை தமிழுக்குப் புதிதல்ல. 'புதுப்பேட்டை' (2006), 'சுப்ரமணியபுரம்' (2008), 'வடசென்னை' (2018) என்று நீளும் வரிசை அது. கேரம் பலகையைத் தவிர வேறெதிலும் ஆசையில்லாத அன்பு, சிறைக்குள் போய் யாருடைய ஆளாகவோ ஆக்கப்படுவதை வெற்றிமாறன் காட்டியபோது, அது நம் தெருவில் நடக்கும் கதையாகவே இருந்தது. ஆனால் இந்தப் படங்களில் இளைஞனை இழுப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். தாதா இருப்பார், அரசியல்வாதி இருப்பார், முதுகில் குத்தும் நண்பன் இருப்பான். கோபப்பட ஒரு முகம் கிடைக்கும்.

பிரெஸ்ஸோன் அந்த முகத்தைத் தர மறுக்கிறார். அவர் படங்களில் பெரும்பாலும் தொழில்முறை நடிகர்கள் கிடையாது. சாதாரண ஆட்களைக் கூட்டிவந்து, முகபாவம் எதுவும் இல்லாமல் வசனத்தைச் சொல்லவைப்பார். அழ வேண்டிய இடத்தில் அழமாட்டார்கள். முதலில் பார்ப்பவருக்கு, 'என்ன இது, எல்லோரும் மரம் மாதிரி நிற்கிறார்களே' என்றுகூடத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். நடிகர் அழாதபோது அந்த வேலை பார்ப்பவருக்கு வந்து சேரும்.

முகத்துக்குப் பதில் அவர் கேமரா பார்ப்பது கைகளை. பணம் எண்ணும் கை, பணப்பையை மூடும் கை, கதவைச் சாத்தும் கை, உறையை நீட்டும் கை. இசைக்குப் பதில் காதில் விழுவது கதவுச் சத்தம், காலடிச் சத்தம், வண்டிச் சத்தம். படம் தொடங்குவதே பணம் கொடுக்கும் இயந்திரத்தின் மூடி சாத்திக்கொள்ளும் காட்சியோடுதான்.

1983 கான் திரைப்பட விழாவில் பிரெஸ்ஸோனும் ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியும் ஒரு விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். விருதைக் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ். பிரெஸ்ஸோன் மேடையேறியபோது அரங்கில் கைதட்டலோடு எதிர்ப்புக் கூச்சலும் கேட்டது. அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. அதுவே அவருடைய கடைசிப் படம். 1999-ல் காலமானார்.

அந்தக் கேமரா தென்காசிக்கு வந்தால்

சூரியகாந்திப் பூவையும் மலையையும் படமெடுக்க ஆயிரம் கேமராக்கள் வருகின்றன. பிரெஸ்ஸோனின் கேமரா வந்திருந்தால் அது வயலைப் பார்த்திருக்காது. வயலுக்கு வெளியே இளநீர் வெட்டும் கையைப் பார்த்திருக்கும். தென்காசி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் பீடி சுற்றும் பெண்கள் உண்டு. மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டும் அந்த விரல்களைப் பார்த்திருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, கூலி வாங்கி, சேலை முந்தியில் முடிந்துகொள்ளும் கைகள் அவை.

ஒரு 500 ரூபாய்க் கள்ள நோட்டு சீசன் கூட்டத்தில் இங்கே வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். காரில் வந்தவர் டீக்கடையில் கொடுக்கிறார். கடைப்பையன் கல்லாவில் போடுகிறான். ராத்திரி கணக்குப் பார்க்கும்போது முதலாளியின் விரலுக்குத் தாளின் மொரமொரப்பு ஒரு மாதிரி தெரிகிறது. "சரி, பால்காரருக்குக் கொடுத்துரு." பால்காரர் மறுநாள் தவிட்டுக் கடையில் நீட்டுகிறார். "அண்ணாச்சி, நோட்டு ஒரு மாதிரி இருக்கே?" "அதெல்லாம் ஓடும்லா, கூட்டத்துல மாத்திரலாம்." அப்படி ஓடி ஓடி ஒரு நாள் அது கூலிப் பணமாக யாரோ ஒரு பெண்ணின் முந்தியில் முடிச்சாகிறது. மகளிர் குழுத் தவணையைக் கட்ட அவர் அதை வங்கியில் நீட்டும்போது பயணம் முடிகிறது.

வங்கி என்ன செய்யும்? ரிசர்வ் வங்கியின் விதிப்படி அந்த நோட்டைத் திருப்பித் தரக் கூடாது. கள்ள நோட்டு என்று முத்திரை குத்திப் பறிமுதல் செய்துகொண்டு, கொண்டுவந்தவருக்கு ஒப்புகைச் சீட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாகப் பணம் கிடைக்காது. ஒரே தடவையில் நான்கு நோட்டு வரை என்றால் வங்கி மாதம் ஒருமுறை மொத்தமாகக் காவல்துறைக்கு அறிக்கை அனுப்பும். ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் உடனே புகார், வழக்குப் பதிவு.

இங்கே பலருக்கும் ஒரு தவறான நினைப்பு இருக்கிறது. 'நானா அச்சடிச்சேன்? வந்ததைக் கொடுத்தேன்' என்பார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தெரியாமல் வாங்கி ஏமாந்தது குற்றமல்ல. கள்ள நோட்டு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, அதை நல்ல நோட்டு என்று இன்னொருவருக்குக் கொடுப்பதுதான் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 489-பி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 179. பத்து வருடம் வரை சிறை, அல்லது ஆயுள் தண்டனை. மாற்றிவிடும் எண்ணத்தோடு கையில் வைத்திருந்தாலே ஏழு வருடம் வரை சிறை உண்டு (பிரிவு 180). "கூட்டத்துல மாத்திரலாம்" என்று சொன்ன கணத்தில் அந்தத் தவிட்டுக் கடைக்காரர் தாண்டிய கோடு இது.

நோட்டைச் சரிபார்ப்பது பெரிய வித்தையல்ல. இப்போதைய 500 ரூபாய் நோட்டைச் சற்றுச் சாய்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக நிறம் மாறும். இரு ஓரங்களிலும் விரலுக்குத் தட்டுப்படும் ஐந்து சாய்கோடுகள் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் வெற்றிடத்தில் காந்தி தெரிவார். நோட்டில் சந்தேகம் வந்தால் கொடுத்தவரிடமே வாங்காமல் மறுக்கலாம். அவர் போய்விட்டிருந்தால் வங்கிக்குக் கொண்டுபோவதுதான் வழி. 500 ரூபாய் நஷ்டம்தான். தினக்கூலிக்காரருக்கு அது சின்ன நஷ்டமும் அல்ல. ஆனால் அந்த இடத்தில்தான் நோட்டின் பயணம் நிற்கும்.

சிறைக்கு உள்ளே இருப்பவர்கள்

தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் 'பாளையங்கோட்டை' என்றால் பள்ளி, கல்லூரிகளோடு சேர்ந்து நினைவுக்கு வருவது அங்கிருக்கும் மத்தியச் சிறை. அந்தச் சிறை ஒரு காலத்தில் போர்ஸ்டல் பள்ளியாக இருந்தது. பிழை செய்த இளைஞர்களைப் பெரிய குற்றவாளிகளோடு சேர்த்து அடைத்தால் அவர்களும் கெட்டுவிடுவார்கள்; தனியே வைத்து, படிப்பும் தொழிலும் சொல்லிக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானவை போர்ஸ்டல் பள்ளிகள். இதற்கென்று சென்னை மாகாணம் 1925-லேயே சட்டம் கண்டது. முதல் தவறோடு ஓர் இளைஞனை நிறுத்திவிட முடியும் என்று அரசாங்கமே நம்பியதற்கு அது சாட்சி. ஈவோனுக்குக் கிடைக்காமல் போனது அந்த நம்பிக்கைதான்.

இன்னொரு விஷயத்தையும் 'லார்ஜான்' யோசிக்க வைக்கிறது. ஈவோன் பக்கம் பேசத் தக்க ஆள் இல்லை. கடைக்காரர் பக்கம் சாட்சியே இருந்தார். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று தீர்ப்பு வராதவர்கள். நான்கில் மூன்று பேர்! ஜாமீன் எடுக்கவோ, வழக்கை நடத்தவோ வசதியில்லாமல் உள்ளே இருப்பவர்கள் இதில் ஏராளம்.

இலவச சட்ட உதவி என்பது தயவு அல்ல, உரிமை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அது உண்டு. 15100 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். பையன் ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டான் என்று தெரிந்ததும் ஊரில் 'அவருக்கு ஆளைத் தெரியும், இவருக்கு ஸ்டேஷனில் பழக்கம்' என்று தேடி ஓடுகிறார்கள். அதற்கு முன் இந்த எண்ணுக்கு ஒரு போன் போடலாம்.

டால்ஸ்டாய் எழுதியது, பிரெஸ்ஸோன் விட்டது

இந்தக் கதையின் மூலம் லியோ டால்ஸ்டாய் எழுதிய ஒரு குறுநாவல். அவர் மறைவுக்குப் பிறகு வெளியானது. அங்கே பள்ளி மாணவர்கள் திருத்துவது ஒரு கடன் பத்திரச் சீட்டை. ஏமாறுவது விறகு விற்கும் குடியானவன். டால்ஸ்டாயின் கதைக்கு இரண்டு பாதிகள். முதல் பாதியில் ஒரு தீமை கைமாறிக் கைமாறிப் பெருகுகிறது. இரண்டாம் பாதியில் ஒரு நல்ல மனுஷியின் நினைவு கொலைகாரனைத் திருத்த, நன்மையும் அதேபோல் கைமாறிப் பெருகுகிறது.

பிரெஸ்ஸோன் இரண்டாம் பாதியை எடுக்கவில்லை. ஆனால் அந்த நல்ல மனுஷியை விட்டுவிடவும் இல்லை. படத்தின் கடைசிப் பகுதி ஒரு கிராமத்தில் நடக்கிறது. நரைத்த தலை அம்மா ஒருவர், அஞ்சலகத்தில் பணம் வாங்கிக்கொண்டு வருகிறார். ஈவோன் பின்தொடர்கிறான். அவன் யார், என்ன செய்துவிட்டு வந்திருக்கிறான் என்பது தெரிந்தும் அவர் அவனைத் துரத்தவில்லை. சாப்பாடு போடுகிறார். படுக்க இடம் தருகிறார். வீட்டில் எல்லோருக்கும் உழைப்பவர் அவர்தான். துணி துவைக்கிறார், கிழங்கு தோண்டுகிறார், ஊனமுற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். குடிக்கும் அப்பாவிடம் அறையும் வாங்குகிறார். அறை விழும்போது கையில் இருக்கும் காபி தளும்புகிறது. கோப்பையை மட்டும் அவர் விடுவதில்லை.

மேலிருந்து தள்ளப்படுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு, கீழே யாருக்கும் தள்ளிவிடாமல் தன்னோடு நிறுத்திக்கொள்ளும் ஒரே ஆள் படம் முழுக்க அவர்தான். அவரும் ஈவோனும் செடியிலிருந்து கொட்டை பறித்துத் தின்னும் ஒரு காட்சி உண்டு. வெயில், பச்சை, அமைதி. 'ரோஜா'வின் கிராமம் போல எந்தக் கள்ளமும் நுழைய முடியாத இடமாகத் தோன்றும். பார்ப்பவர் மனது, 'போதும், இங்கேயே இருந்துவிடேன்' என்று அவனைக் கேட்கும். ஆனால் அவன் எண்ணெய் ஊற்றிய கடையிலிருந்து கிளம்பிய பொய் இந்த வீட்டின் வாசல் வரை வந்துவிட்டது.

அன்று இரவு அங்கே நடப்பதை இங்கே விவரிக்க வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பார்க்கும் படமல்ல இது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளோடு பார்க்கலாம். பார்த்துவிட்டுப் பேச நிறைய இருக்கும்.

கடைசிக் காட்சியில் ஈவோன் தானாகவே போலீஸிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். படத்தில் யாரும் கேட்காமல் உண்மையைச் சொல்வது அநேகமாக அவன் மட்டும்தான். விலங்கு மாட்டிக் கூட்டிப்போகிறார்கள். வாசலில் கூட்டம். அவன் போன பிறகும் கூட்டம் திரும்பவில்லை. அவன் உட்கார்ந்திருந்த காலி அறையையே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, உள்ளே இன்னும் யாரோ வர வேண்டியிருப்பது போல. வர வேண்டியவர்கள் பலர்தான். நோர்பெர், அவன் நண்பன், போட்டோக் கடைக்காரர், உறை கொடுத்த அம்மா. யாரும் வரமாட்டார்கள். அவர்கள் மேல் வழக்கு இல்லை.

இந்த ஒன்றரை மணி நேரக் கதையை நிறுத்த எத்தனை சந்தர்ப்பம் இருந்தது என்று படம் முடிந்த பிறகு எண்ணிப் பார்க்கலாம். கடைக்காரர் மூன்று நோட்டையும் கிழித்திருந்தால். லூசியேன் கோர்ட்டில் "ஆமாம், இவர்தான்" என்று சொல்லியிருந்தால். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, உறை இல்லாமல், அந்த அம்மா கடைக்குப் போயிருந்தால். ஒவ்வொன்றுக்கும் ஆகியிருக்கும் செலவு கொஞ்சம் பணமும் கொஞ்சம் அவமானமும்தான். அதைக் கட்ட மறுத்தார்கள். அந்தக் கணக்கை ஒரு கிராமத்து வீடு கட்டியது.